மலையக மிளகு: பறித்த நாளிலிருந்து கப்பல் ஏறும் வரை

மாத்தளை, உக்குவளை, வத்தேகாமம், கம்பளை, பசறை, லுணுகலைப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களிடம் நாலு மிளகுக் கொடியாவது இருக்கும். தேயிலைக்கு நடுவே சவுக்கிலும் முருக்கிலும் ஏற்றிவிட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் வேலிக் கிளிரிசீடியாவில் படர்ந்திருக்கும். ஹட்டன், நுவரெலியா உயரத்துக்குப் போனால் குளிரில் அது சரிவராது. நட்டு வளர்க்கச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். பறித்த பிறகு எப்படிக் காய வைப்பது, யாரிடம், எப்போது, என்ன கணக்கில் விற்பது என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

என் கணிப்பில், விவசாயி இழக்கும் காசில் பெரும்பங்கு கொழும்பில் போவதில்லை. கொடிக்கும் ஊர்க் கடைக்கும் இடையிலேயே போய்விடுகிறது. அதனால் ஏற்றுமதியைக் கடைசியில் வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்திலிருந்து தொடங்குவோம்.

எப்போது பறிப்பது

மலையகத்தில் பொதுவாக இரண்டு பருவம்: டிசம்பர் முதல் பெப்ரவரி வரை ஒன்று, மே முதல் ஜூலை வரை இன்னொன்று. இடத்துக்கும் மழைக்கும் ஏற்ப முன்பின்னாகும். பூத்து ஆறு முதல் எட்டு மாதத்தில் மணி முற்றும். ஒரு சரத்தில் ஓரிரு மணி மஞ்சளோ சிவப்போ ஆனால் அந்தச் சரம் பறிக்கத் தயார்.

சொல்வது சுலபம். களவு பயத்தில் முன்கூட்டியே பறிப்பவர்கள் அதிகம், ஜனவரியில் பள்ளிச் செலவும் தைப்பொங்கலும் ஒன்றாக வந்து நிற்கும்போது பறிப்பவர்களும் அதிகம். இதைவிட மோசமானது கொடியோடு விற்றுவிடுவது. மணி முற்றும் முன்பே ஒருவர் வந்து மொத்தமாக ஒரு தொகை பேசி முற்பணம் கொடுத்துவிட்டுப் போவார். விளைச்சல் குறைந்தால் அவருக்கு நட்டம்தான், ஆனால் அதையும் கணக்கில் வைத்துத்தான் அவர் விலை பேசியிருப்பார். அவசரத்துக்குக் காசு வேண்டுமென்றால் ஒரு பகுதிக் கொடிகளை மட்டும் அப்படிக் கொடுங்கள், முழுத் தோட்டத்தையும் வேண்டாம்.

இளம் மிளகுக்கும் சந்தை உண்டு. எண்ணெயும் காரச்சத்தும் பிரித்தெடுக்கும் ஆலைகள், முக்கியமாகக் கேரளத்துப் பக்கம் இருப்பவை, மணி முழுதாக நிறையாத இலேசான மிளகைத் தேடி வாங்குகின்றன. இலங்கை மிளகில் எண்ணெயும், காரத்தைத் தரும் பைப்பரின் என்ற சத்தும் அதிகம் என்பதால் அங்கே நல்ல பெயர். ஆனால் அந்த மிளகு காய்ந்தால் எடை நிற்காது. அதனால் அடுத்த கணக்கைப் போடாமல் இளசாகப் பறிக்க வேண்டாம்.

பச்சையா, காய வைத்ததா

முற்றிய மிளகில் ஏறக்குறைய 3 கிலோ பச்சை காய்ந்தால் 1 கிலோ கிடைக்கும். இளம் மிளகென்றால் 4 கிலோ, சில சமயம் அதற்கு மேலும் வேண்டும். உங்கள் தோட்டத்துக்கு எது பொருந்தும் என்று தெரிய, பறிக்கத் தொடங்கியதும் சரத்திலிருந்து உதிர்த்த ஒரு கிலோ மணியைத் தனியாகக் காய வைத்து நிறுத்துப் பாருங்கள். 330 கிராம் வந்தால் மூன்றுக்கு ஒன்று, 250 வந்தால் நாலுக்கு ஒன்று.

உதாரணத்துக்குக் காய்ந்த மிளகு கிலோ 1,800 ரூபாய், பச்சை 500 ரூபாய் என்று வைப்போம். (இந்தக் கட்டுரையில் வரும் ரூபாய் விலைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும், இன்றைய விலை அல்ல.) முற்றிய மிளகில் 3 கிலோ பச்சையின் விலை 1,500. காய வைத்தால் 300 ரூபாய் கூடுதல், உங்கள் உழைப்புக்கு அது போதுமா என்று பார்த்துக்கொள்ளலாம். இளம் மிளகில் 4 கிலோ பச்சையின் விலை 2,000. காய வைத்தால் 200 ரூபாய் நட்டம்! பச்சையாக விற்பது முட்டாள்தனம் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் விகிதம் தெரியாமல் அதையும் நம்பாதீர்கள். தொடர்ந்து மழை பெய்து காய வைக்க வழியில்லாத வாரத்திலும் பச்சையாகக் கொடுத்துவிடுவதே மேல். பூஞ்சை பிடித்த மிளகை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள்.

காய வைத்தல்

பறித்த சரங்களைக் குவியலாகப் போட்டு நாள் கணக்கில் விட்டால் சூடேறிப் பூஞ்சை வரும். மணியை உதிர்க்க இயந்திரம் இருந்தால் நல்லது. காலால் மிதிப்பது பழைய வழக்கம், ஆனால் வெளிநாட்டு வாங்குபவர்கள் கிருமிச் சோதனை செய்யும் காலத்தில் அதை விட்டுவிடுவதே புத்தி.

உதிர்த்த மணியைக் கூடையில் போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் சுடுநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் மூன்று பலன்: சீக்கிரம் காயும், நிறம் ஒரே சீராகக் கறுக்கும், மேலிருக்கும் அழுக்கும் கிருமியும் குறையும். விறகுச் செலவைப் பார்த்துப் பலர் இதைச் செய்வதில்லை. நான் செய்யச் சொல்வேன்.

அப்புறம் வெயில். சுத்தமான படங்கிலோ பாயிலோ இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்பிக் கிளறிவிட வேண்டும். நல்ல வெயிலில் நாலு முதல் ஆறு நாள். நமக்கோ பின்னேரமானால் மழையோ மூடுபனியோ வந்துவிடும், அதனால் மதியத்திலேயே அள்ளி உள்ளே வைக்கும் பழக்கம் வேண்டும். வெறும் தரையில் போட்டால் மண்ணும் கோழி எச்சமும் சேரும். அடுப்புக்கு மேலே பரணில் காய வைப்பது மழைக்காலத்தில் கைகொடுக்கும், ஆனால் புகை மணம் ஏறிய மிளகை மூக்கால் கண்டுபிடித்தே விலை குறைப்பார்கள். புகையில் சேரும் இரசாயனங்களுக்கு ஐரோப்பாவில் கடுமையான வரம்பும் உண்டு. உலர்த்தி வைத்திருப்பவர்கள் 60 பாகை செல்சியசுக்கு மேல் போக வேண்டாம், எண்ணெய் பறந்துவிடும்.

காய்ந்ததா என்று பல்லில் கடித்துப் பார்ப்பார்கள், 'டக்' என்று உடைய வேண்டும். தானியக்காரர்கள் செய்யும் உப்புச் சோதனையும் உண்டு. காய்ந்த போத்தலில் கொஞ்சம் உலர்ந்த உப்பும் மிளகும் போட்டு மூடிக் குலுக்கிவிட்டுச் சிறிது நேரம் வையுங்கள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டினால் ஈரம் இன்னும் அதிகம். ஒட்டாவிட்டால் ஓரளவு காய்ந்தது என்றுதான் பொருள், 12 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று ஆகாது.

லீற்றர் எடை: இதுதான் விலையைத் தீர்மானிக்கிறது

மிளகு வாங்குபவர் ஒரு கைப்பிடி அள்ளி விரலால் உருட்டிப் பார்ப்பது எதற்கு? மணி நிறைந்திருக்கிறதா என்று அறியத்தான். அதையே ஏற்றுமதிக்காரர்கள் எண்ணில் சொல்வார்கள்: ஒரு லீற்றர் கொள்ளும் பாத்திரத்தில் எத்தனை கிராம் மிளகு பிடிக்கிறது என்று. உலகச் சந்தையில் 500, 550 என்று மிளகைப் பேசுவது இந்தக் கணக்கில்தான்.

ஜகார்த்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச மிளகுச் சமூகத்தின் தரப்படி, முதல் தரக் கறுப்பு மிளகு லீற்றருக்குக் குறைந்தது 550 கிராம் இருக்க வேண்டும், ஈரம் 12 சதவீதத்துக்கும் இலேசான மணி 2 சதவீதத்துக்கும் வேற்றுப் பொருள் 1 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. இரண்டாம் தரத்தில் 400 கிராம், 14, 10, 2. ஊர்க் கடையில் 'கிரேட் 1', 'கிரேட் 2' என்று பேசும்போது ஒவ்வொரு முதலாளிக்கும் ஒவ்வோர் அளவு இருக்கும். அதனால் பெயரைக் கேட்காதீர்கள், கிராமைக் கேளுங்கள்.

வீட்டிலேயே அளக்கலாம். வாய் நேராக இருக்கும் ஒரு பாத்திரம், ஒரு சமையலறைத் தராசு போதும். வெறும் பாத்திரத்தை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுத்தால் தண்ணீரின் எடை தெரியும். 1,000 கிராம் தண்ணீர் ஒரு லீற்றர். பாத்திரத்தை நன்றாகத் துடைத்துக் காய வைத்து, மிளகை ஒரு சாண் உயரத்திலிருந்து கொட்டி நிரப்புங்கள். தட்டக் கூடாது, அமுக்கக் கூடாது. அடிமட்டத்தால் விளிம்போடு வழித்துவிட்டு நிறுங்கள். மிளகின் எடையைத் தண்ணீரின் எடையால் வகுத்து 1,000 ஆல் பெருக்கினால் விடை. தண்ணீர் 1,200 கிராம், மிளகு 630 கிராம் என்றால் 525. மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

அளந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. சுளகில் புடைத்தோ மின்விசிறிக் காற்றில் தூற்றியோ இலேசான மணியையும் காம்பையும் பிரித்தெடுங்கள். 490 இருந்த மிளகு 540 ஆகிவிடும் அளவுக்குச் சில வேளை மாற்றம் தெரியும். பிரிந்த இலேசு மிளகை வீசிவிட வேண்டாம், தனிச் சாக்கில் கட்டித் தனியாக விலை பேசுங்கள். இரண்டையும் கலந்து கொடுத்தால் முழுவதற்கும் கீழ்த்தர விலைதான் கிடைக்கும், பிரிக்கும் இலாபம் கடைக்காரருக்குப் போகும்.

ஈரக் கழிவு

'உங்கள் மிளகில் ஈரம் 16, நூறு கிலோவுக்கு எட்டுக் கிலோ கழிக்கிறேன்' என்று வாங்குபவர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். 100 கிலோவில் 16 ஈரம் என்றால் உலர்ந்த சத்து 84 கிலோ. அதே 84 கிலோ, 12 சதவீத ஈரத்தில் இருந்தால் மொத்த எடை 84 ÷ 0.88, அதாவது 95.5 கிலோ. நியாயமான கழிவு 4.5 கிலோதான். மனக்கணக்குக்கு: 12க்கு மேல் ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் 1.1 கிலோ கழிவு. மீண்டும் காய வைக்கும் கூலிக்காக இன்னும் கொஞ்சம் கேட்பார்கள், அதைத் தனியாகப் பேசலாம். ஈரமானி இருக்கிறதா என்று கேளுங்கள், மாதிரியைச் சாக்கின் நடுவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஈரமானி இல்லாதபோது ஈரத்தின் அளவு வாங்குபவரின் வாயில்தான் இருக்கும்.

விலை எங்கிருந்து வருகிறது

உலகில் அதிகம் மிளகு ஏற்றுமதி செய்வது வியட்நாம். அங்கே அறுவடை பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடக்கிறது, அதனால் நமது டிசம்பர்ப் பருவ மிளகைக் கையில் வைத்துக்கொண்டு மார்ச்சில் விற்கப் போனால் வியட்நாமின் புதுச் சரக்கோடு மோத வேண்டியிருக்கும். பிரேசிலும் இந்தோனேசியாவும் ஆண்டின் பிற்பாதியில் வரும். 2015இல் உச்சத்துக்குப் போன உலக விலை 2019, 2020இல் அதல பாதாளத்தில் கிடந்தது, 2024இல் மறுபடி எழுந்தது. கொடி நட்டவர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் காய்க்க வைத்தால் விலை விழும், விழுந்ததும் கவனிக்காமல் விடுவார்கள், பிறகு தட்டுப்பாடு வரும். இந்தச் சுற்று நிற்கப் போவதில்லை.

நமக்கு முக்கியமான வாங்குபவர் இந்தியா. 1998இல் கைச்சாத்தாகி 2000 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ் ஆண்டுக்கு 2,500 தொன் மிளகு இந்தியாவுக்குத் தீர்வையின்றிப் போகலாம். அதற்கு மேல் போவதற்கு, தெற்காசிய நாடுகளுக்கான சாஃப்டா சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ் 8 சதவீதத் தீர்வை. எந்தச் சலுகையும் இல்லாத நாட்டுக்கு 70 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் என்ன நடக்கும்? வேறு நாட்டு மிளகு இங்கே வந்து இறங்கி, இலங்கை மிளகு என்ற பெயரில் இந்தியாவுக்குப் போகிறது என்ற புகார் பல ஆண்டு ஓடியது. 2017 டிசம்பரில் இந்தியா, கிலோ 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதியாவதைத் தடுத்தது. 2019 டிசம்பரில் இலங்கையும் மறு ஏற்றுமதிக்காக மிளகு இறக்குவதைத் தடை செய்தது. டெல்லியில் வரும் ஓர் அறிவிப்பு பசறையில் விலையை அசைக்கும் என்பது இதனால்தான்.

மூன்றாவது, டொலர். 2022 மார்ச்சுக்குப் பிறகு ரூபாய் சரிந்தபோது மிளகின் ரூபாய் விலை ஏறியது, உலக விலை அதே அளவு ஏறியிருக்கவில்லை. எனவே விலை ஏறினால் மிளகு ஏறியதா, டொலர் ஏறியதா என்று பிரித்துப் பாருங்கள்.

ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் வாராந்த விலைகளை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். துறைமுகத்தில் கிலோ 6 டொலர், டொலர் 300 ரூபாய் என்றால் 1,800. தூற்றும் சேதம், சாக்கு, துறைமுகச் செலவு, வங்கி வட்டி, ஏற்றுமதியாளர் இலாபம் எல்லாம் சேர்த்து 250 என்று வைத்தால் கொழும்பில் 1,550. லொறியும் இடைத்தரகரும் 100 எடுத்தால் உங்கள் ஊரில் 1,450. முதலாளி 1,400 சொன்னால் பேரம் பேசலாம். 1,150 சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வைத்திருப்பதா, விற்பதா

மிளகின் பெரிய பலம், 12 சதவீத ஈரத்தில் நன்றாகக் கட்டி வைத்தால் ஓராண்டுக்கு மேலும் கெடாமல் இருப்பது. தேயிலைக் கொழுந்தை அன்றே கொடுத்தாக வேண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பொலித்தீன் உறை போட்ட புதுச் சாக்கில் கட்டி, பலகை மேல், சுவரில் படாமல் வையுங்கள். உரப்பையில் மட்டும் கட்டவே வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் சரி. மண்ணெண்ணெய், பூச்சி மருந்து வைத்த அறையும் வேண்டாம், மிளகு மணத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் காத்திருப்பது இலவசமில்லை. வீட்டுச் செலவுக்கு நகையை அடகு வைத்துவிட்டு மிளகை வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 100 கிலோ மிளகு, கிலோ 1,500 என்றால் 150,000 ரூபாய். அடகு வட்டி மாதம் 2 சதவீதம் என்று வைத்தால் மாதம் 3,000, கிலோவுக்கு 30 ரூபாய். நாலு மாதம் வைத்தால் விலை 120 ரூபாய் ஏறினால்தான் பழைய இடத்துக்கு வருவீர்கள், எடை குறைவது வேறு. கையில் கடன் இருந்தால் விற்று அடைத்துவிடுங்கள். கடன் இல்லாவிட்டால் மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை உடனேயும் மற்ற இரண்டை வெவ்வேறு மாதங்களிலும் விற்பது எனக்குப் பிடித்த வழி. உச்ச விலை கிடைக்காது, அடி விலையிலும் முழுதாக மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

கூட்டாக விற்றல்

ஒரு வீட்டில் 40, 50 கிலோதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கொழும்புப் பழைய சோனகத் தெருவுக்குப் போனால் பஸ் காசுதான் நட்டம். பதினைந்து இருபது வீடுகள் சேர்ந்து ஒரு தொன் திரட்டினால் ஏற்றுமதியாளரே லொறி அனுப்புவார். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு வீட்டு மிளகையும் தனியாக ஈரமும் லீற்றர் எடையும் அளந்து எழுதிய பிறகே கலக்க வேண்டும். ஒருவருடைய ஈரச் சாக்கு எல்லோர் மிளகையும் கெடுத்துவிடும், குழுவையும் உடைத்துவிடும்.

உங்கள் பகுதி ஏற்றுமதி விவசாய உத்தியோகத்தரிடம் குழுவாகப் போய்ப் பேசுங்கள். உதிர்க்கும் இயந்திரம், உலர்த்தி போன்றவற்றுக்குத் திணைக்களம் உதவித் திட்டங்கள் நடத்துகிறது. லயத்தில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும், காணி உறுதி கேட்பார்கள். குழுவாகப் பதிந்து, உறுதி உள்ள ஓர் உறுப்பினரின் இடத்தில் இயந்திரத்தை வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நேரடி ஏற்றுமதி

இது எல்லோருக்கும் அல்ல. ஓர் இருபது அடிக் கொள்கலனின் உள்ளளவு ஏறக்குறைய 33 கன மீற்றர். சாக்கில் கட்டி அடுக்கினால் 14, 15 தொன் மிளகு பிடிக்கும். கிலோ 1,500 என்றால் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் சரக்கு. கடன் வாங்கி முதல் தடவையே அதில் இறங்க வேண்டாம். சில நூறு கிலோவைப் பொதி செய்து சிறு வாங்குபவருக்கு அனுப்பிப் பழகலாம்.

முதலில் வியாபாரப் பதிவு, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கம், சுங்கத்தில் ஏற்றுமதியாளர் பதிவு. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிந்தால் வாங்குபவர் தொடர்புகளும் பயிற்சியும் கிடைக்கும். முழு மிளகுக்குச் சுங்கக் குறியீடு 0904.11, அரைத்த மிளகுக்கு 0904.12. ஏற்றும் ஒவ்வொரு தடவையும் விலைப்பட்டியல், பொதிப் பட்டியல், கப்பல் சீட்டு (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் கொடுக்கும் பத்திரம்), தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். இந்தியத் தீர்வைச் சலுகைக்கு வணிகத் திணைக்களம் கொடுக்கும், இலங்கையில் விளைந்தது என்ற சான்றிதழ் இல்லாமல் முடியாது. நான் மேலே சொன்ன பழைய புகார்களால் அந்தச் சான்றிதழைக் கூர்ந்து பார்ப்பார்கள், அதனால் எந்தத் தோட்டத்தில் எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்ற பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஐரோப்பாவுக்கென்றால் சோதனைச்சாலை அறிக்கை முக்கியம். சல்மனெல்லா 25 கிராமில் இருக்கவே கூடாது. பூஞ்சை நச்சான அஃப்ளாடொக்சின் பி1, கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கும், மொத்த அஃப்ளாடொக்சின் 10க்கும் மேல் போகக் கூடாது. கிருமி நீக்க எதிலீன் ஒக்சைட் வாயுவை அங்கே ஏற்க மாட்டார்கள், நீராவியால் செய்தது வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்ப, பொதி செய்யும் இடத்தை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் பதிவு செய்து, சரக்கு போகும் முன் அறிவிக்கவும் வேண்டும்.

விலை பேசும்போது கிலோவுக்கு எத்தனை டொலர் என்பதோடு நிறுத்தாதீர்கள். லீற்றர் எடை, ஈரம், வேற்றுப் பொருள், எந்தச் சோதனைச்சாலையின் முடிவு செல்லும், கப்பல் கட்டணம் யார் தலையில் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். மாதிரி அனுப்பும்போது அதே பையிலிருந்து அரைக் கிலோவை முத்திரையிட்டு உங்களிடமும் வையுங்கள், தகராறு வந்தால் அதுதான் சாட்சி. புதிய வாங்குபவரிடம் ஒரு பகுதி முற்பணமும் மீதிக்கு வங்கிக் கடன் உறுதிப் பத்திரமும் (சரக்கு ஏற்றிய ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதி) கேளுங்கள். 'சரக்கு வந்ததும் அனுப்புகிறேன்' என்ற பேச்சை முதல் ஆண்டில் ஏற்கவே வேண்டாம். வெளிநாட்டுப் பணம் ஏற்றுமதி செய்த 180 நாளுக்குள் இலங்கைக்கு வந்து சேர வேண்டும் என்பது மத்திய வங்கி விதி. வாங்குபவரோடு தவணை பேசும்போதே அந்தத் திகதியை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.